பன்னிரண்டாம் தெருப் பனிக்கூழ்க் கடை

தந்தை செய்த தொழிலை மகன் செய்வதும், மகன் செய்ததைப் பேரன் செய்வதும் உலகில் புதுமை அல்ல. பொற்கொல்லர் வீட்டில் பாட்டன் செய்த காப்பு இருக்கும். தச்சர் வீட்டில் முப்பாட்டன் இழைத்த கதவு இருக்கும். நெசவாளர் வீட்டுப் பெட்டியில் பாட்டி காலத்துப் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் கிடக்கும். முன்னோர் செய்த பொருளைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும், ‘இதனினும் நன்றாகச் செய்வோம்’ என்று பின்னோர் முயல்வர். ஆனால், செய்த பொருள் ஒரு நாழிகைப்பொழுதும் நில்லாமல் உருகி மறையும் தொழில் ஒன்று உண்டு. ஐஸ்கிரீம் என்று நாம் வழங்கும் பனிக்கூழை ஆக்கும் தொழிலே அது. அத்தொழிலில் பாட்டன் கைவண்ணத்தைப் பேரன் காண வழியே இல்லை. பாட்டன் சொல்லிவைத்த அளவும், நாவில் நின்ற சுவையும் ஆகிய இவ்விரண்டே அவனுக்கு வாய்த்த முதுசொம்.

‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பனிக்கூழின் இயல்போ இதற்கு நேர்மாறானது. ஆக்கியவனும் பொறுக்கக் கூடாது; உண்பவனும் பொறுக்கக் கூடாது. பொறுத்தால் கிண்ணத்தில் எஞ்சுவது இனித்த பால் மட்டுமே. இத்தகைய நிலையாப் பொருளை விற்று, ஒரு குடும்பம் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கிறது. அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் உள்ள பாசெட் குடும்பமே அது. அந்நாட்டுப் பனிக்கூழ் நிறுவனங்களுள் இதுவே மிகப் பழையது என்பர்.

இக்குடும்பத்தின் கதை தொடங்கும் ஊரின் பெயர் சேலம். மாம்பழத்திற்குப் பெயர்போன நம் சேலம் அன்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியில், டெலவேர் ஆற்றுக்கு அண்மையில் உள்ள சிற்றூர். குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர் 1675-ஆம் ஆண்டில் அமைத்த ஊர் அது. குவேக்கர்கள் எளிய உடையும் எளிய பேச்சும் உடையவர்கள், போரை வெறுத்தவர்கள், மனிதரை மனிதர் அடிமை கொள்ளும் கொடுமையை எதிர்த்தவர்கள். வாணிகத்தில் ஒரே விலை சொல்லி, அவ்விலைக்கே விற்பது அவர்களுடைய வழக்கம். அக்குழுவில் தோன்றியவர் லூயிஸ் டுபாய் பாசெட். அவர் பள்ளி ஆசிரியர், உழவருங்கூட. ஆசிரியத் தொழிலும் உழவுத் தொழிலும் எந்த நாட்டிலும் எவரையும் எளிதில் செல்வர் ஆக்குவதில்லை. எனவே, தம் பண்ணையில் கிடைத்த பாலையும் பாலாடையையும் கொண்டு, 1861-ஆம் ஆண்டில் அவர் பனிக்கூழ் செய்யத் தொடங்கினார்.

அந்த ஆண்டு அமெரிக்க வரலாற்றில் மறக்க இயலாத ஆண்டு. அடிமை முறை காரணமாக வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் இரு கூறாகப் பிரிந்து, ஏப்ரல் திங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. நாடே தீப்பற்றி எரிந்த காலத்தில் ஓர் ஆசிரியர் பனிக்கூழ் கடையத் தொடங்கினார் என்றால், அது விந்தையாகவே தோன்றும். ஆயினும், பெரிய நிகழ்ச்சிகளின் நிழலிலேதான் சிறிய முயற்சிகள் பலவும் முளைக்கின்றன.

அந்நாளில் மின்சாரப் பொறி ஏது? நம் ஊர்ச் செக்கை மாடு சுழற்றியதுபோல, பாசெட்டின் கடைபொறியைக் கோவேறு கழுதை ஒன்று சுழற்றியது. பொறியின் அமைப்பு எளியதுதான். வெளியே ஒரு மரத்தொட்டி. அதன் நடுவே ஓர் உலோகக் கலம். கலத்தின் உள்ளே துடுப்பு. கலத்தில் பாலும் பாலாடையும் சர்க்கரையும் கலந்து ஊற்றுவர். தொட்டிக்கும் கலத்துக்கும் இடைப்பட்ட வெளியில் பனிக்கட்டித் துண்டுகளை இட்டு, அவற்றின்மேல் உப்பைத் தூவுவர். உப்பு எதற்கு? வெறும் பனிக்கட்டி சுழி வெப்பநிலையில் உருகும். ஆனால் சர்க்கரை கலந்த பால் உறைவதற்கு அக்குளிர் போதாது. உப்புச் சேர்ந்தவுடன் பனிக்கட்டி தன் உருகுநிலையினும் மிகத் தாழ்ந்த குளிரிலேயே உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது எங்கிருந்து பெறும்? அண்டையில் உள்ள பாலினின்றே உறிஞ்சிக்கொள்ளும். சுழிக்குக் கீழே பதினெட்டு இருபது பாகைவரையிலும் அக்கலவை குளிர்ந்துவிடும். பனிக்கட்டி உருக, பால் உறைகிறது. ஒன்றன் இழப்பு மற்றொன்றன் ஆக்கம் ஆகிறது.

உறையும்போது கடையாமல் விட்டால், பால் பாறைபோல் இறுகிப் பற்களுக்கே பகையாகிவிடும். இடைவிடாது கடைந்தால் உறைந்த துகள்கள் நொய்ய மணலினும் நொய்யனவாக இருக்கும். இடையிடையே காற்றும் புகுந்து கூழ் மென்மை பெறும். கையால் சுழற்றி இவ்வாறு கடையும் பொறிக்கு 1843-ஆம் ஆண்டில் முதன்முதலாக உரிமை பெற்றவர் நான்சி ஜான்சன் என்னும் அம்மையார். அவரும் பிலடெல்பியா நகரைச் சேர்ந்தவரே. அதற்குமுன் பனிக்கூழ் என்பது செல்வர் வீட்டு விருந்துகளில் மட்டுமே காணத்தக்க அரும்பொருளாக இருந்தது. கைப்பொறி வந்தபின் அது தெருவுக்கு வந்தது.

பனிக்கட்டிக்கு என் செய்தனர் என்ற வினா எழலாம். வடநாட்டுக் குளிர்காலம் கடுமையானது. ஏரிகளும் குளங்களும் மேற்பரப்பில் தடித்த பலகைபோல் உறைந்துவிடும். அப்பலகையை வாளால் அறுத்து, மரத்தூள் இட்டுப் பொதிந்து, பனிக்கட்டிக் கிடங்குகளில் அடுக்கிவைப்பர். கோடை முடியும்வரையிலும் அது தாங்கும். இப்பனிக்கட்டி வாணிகத்துக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டூடர் என்பார் அப்பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கே அனுப்பினார். 1833-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்ற முதற்கப்பலில் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டி ஏற்றப்பட்டது. நான்கு திங்கள் கடலில் மிதந்து, வெப்ப நாடுகளைக் கடந்து வந்தபின்னும் 100 டன் எஞ்சியிருந்ததாம். 1842-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் அவருக்காகக் கட்டப்பட்ட கிடங்கைத்தான் மக்கள் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று அழைத்தனர். 1897-ஆம் ஆண்டில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த அடிகள் தங்கியதும் அம்மாளிகையிலேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். கழுதை சுழற்றிய தொட்டியில் இடப்பட்ட பனிக்கட்டிக்கும், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இறங்கிய பனிக்கட்டிக்கும் பிறப்பிடம் ஒன்றே: உறைந்த நீர்நிலை.

சேலத்தில் செய்த பனிக்கூழைப் பிலடெல்பியாவில் விற்கலாம் என்று பாசெட் கருதினார். 1885-ஆம் ஆண்டில் அந்நகரின் ஐந்தாம் தெருவும் மார்க்கெட் தெருவும் கூடும் இடத்தில் அவர் கடை திறந்தார். 1776-ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலை முடிவு செய்யப்பட்ட மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ளது. கடை வைப்பதற்கு நல்ல இடந்தான். ஆயினும், இக்குடும்பத்தின் வாழ்வை உறுதி செய்தது அவ்விடம் அன்று. ஏழாண்டுகள் கழித்து அவர்கள் புகுந்த வேறோர் இடமே அதனைச் செய்தது.

அவ்விடத்தின் வரலாறு சுவையானது. பன்னிரண்டாம் தெருவை ஒட்டி உழவர்களும் கசாப்புக்காரர்களும் மீன் விற்போரும் கூடிய சந்தைகள் இருந்தன. ரெடிங் இருப்புப்பாதைக் கழகத்தார் அந்த நிலத்தை வாங்கிப் பெரிய நிலையம் ஒன்று கட்ட விரும்பினர். சந்தைக்காரர்களோ, ‘நாங்கள் இவ்விடம் விட்டுப் பெயரோம்’ என்று உறுதியாக நின்றனர். பெரும்பொருள் படைத்த கழகமும் சிறு வணிகரும் எதிர்நின்றால் முடிவு என்னவாகும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அங்கே முடிவு வேறாயிற்று. புகைவண்டிகள் மேல்தளத்தில் வந்து நிற்பது. சந்தை கீழ்த்தளத்தில் நடப்பது என்று உடன்பாடு கண்டனர். 1893-ஆம் ஆண்டில் நிலையம் திறக்கப்பட்டது. தலைக்குமேல் இருப்புப்பாதை, காலுக்குக்கீழ் நிலவறையில் இறைச்சியும் கனியும் பாலும் கெடாமல் காக்கும் மாபெரும் குளிர்க்கிடங்கு, இடையே கடைகள். அச்சந்தை கட்டப்பட்ட காலத்திலேயே, 1892-இல், பாசெட் அங்கே இடம் பிடித்துவிட்டார்.

இருப்புப்பாதைக்குக் கீழே கடை என்றால் இரைச்சலும் புழுதியும் மிகுதியாக இருக்குமே என்று எண்ணத் தோன்றும். வணிகன் எண்ணுவதோ வேறு. நாள்தோறும் வண்டியிலிருந்து இறங்குவோர் சந்தை வழியே செல்வர். ஊருக்குத் திரும்புவோர் வண்டி வரும்வரை காத்திருப்பர். காத்திருப்பவனுக்குப் பனிக்கூழ் விற்பது எளிது. பண்ணைகளிலிருந்து பால் வருவதும் அதே இருப்புப்பாதை வழியாகத்தான். வேண்டிய குளிர் நிலவறையில் உள்ளது. பனிக்கூழும் பல ஆண்டுகள் அச்சந்தையின் அடித்தளத்திலேயே ஆக்கப்பட்டது. கழுதைக்கு அங்கே வேலை இல்லாமற்போயிற்று.

அக்கடையில் சலவைக்கல் மேடை ஒன்றை அமைத்தனர். நீண்ட வெண்ணிறக் கல். வருவோர் அதன் முன் அமர்ந்து உண்பர். இம்மேடையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையின் இறுதிவரை நம்முடன் வருவது இக்குடும்பமும் இக்கல்லுமே.

பாசெட் குடும்பத்தார் எதனால் நிலைத்தனர் என்பதை அறிய, அவர்கள் எதை விற்றனர் என்பதைச் சற்று உற்று நோக்கவேண்டும். பனிக்கூழில் இரு வகை உண்டு. பிரெஞ்சு முறையில் செய்வது முட்டையின் மஞ்சட்கரு சேர்த்துக் காய்ச்சப்படுவது. முட்டையே சேர்க்காமல் பால், பாலாடை, சர்க்கரை, மணப்பொருள் இவற்றால் மட்டும் செய்வதைப் பிலடெல்பியா முறை என்பர். பின்னது எளியது போலத் தோன்றும்; உண்மையில் அதுவே கடினம். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் பாலாடை தரக்குறைவாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அமெரிக்கச் சட்டப்படி பனிக்கூழில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பால்கொழுப்பு இருந்தால் போதும். பாசெட் கடைப் பனிக்கூழில் பதினாறரைப் பங்கு உண்டு.

இவ்வாணிகத்தில் ஏமாற்ற விரும்புபவனுக்குக் காற்றே முதல். கடையும்போது காற்றை மிகுதியாகப் புகுத்தினால் ஒரு படிப் பால் இரண்டு படிப் பனிக்கூழாகப் பெருகும். பார்வைக்குக் கிண்ணம் நிறைந்திருக்கும். கையில் எடுத்தால் கனம் இராது. காற்றுக்கு விலை இல்லை; ஆனால் காற்றை விற்றுப் பொருள் ஈட்டலாம். சட்டமும் இதை ஓரளவு ஒப்புகிறது. எனினும், பாசெட் கடைக்காரர்கள் குறைந்த காற்றும் நிறைந்த பாலாடையுமாகவே செய்துவந்தனர். இதனால் விலை கூடும். விலை கூடினால் வாங்குவோர் தொகை குறையும். பெருகி வளரவேண்டும் என்று கருதுபவன் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டான்.

பெருகி வளர்ந்த குடும்பம் ஒன்றும் அதே நகரில் இருந்தது. 1866-ஆம் ஆண்டில் வில்லியம் பிரையர் என்பார் பிலடெல்பியாவில் கையால் பனிக்கூழ் கடைந்து விற்கத் தொடங்கினார். அவரும் நல்ல பாலாடையையே நம்பினார். அவர் மக்களும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆலைகள் எழுந்தன. பிரையர் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. 1926-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பெரிய பால் நிறுவனம் ஒன்றுடன் இணைந்தது. பின்னர் அது கைமாறிக் கைமாறி, 1993-இல் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் உடைமை ஆயிற்று. 1995-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் இருந்த ஆலையையும் மூடிவிட்டனர். பெயர் இருக்கிறது, பெயருக்கு உரிய குடும்பமும் ஊரும் அத்தொழிலில் இல்லை. இதைக் குற்றம் என்று கூற முடியாது. நாடெங்கும் உள்ள சிறுவர்க்கெல்லாம் பனிக்கூழ் கிடைக்கச் செய்தது ஒரு நற்பணியே. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே வட்டாரத்தில் தோன்றிய இரு குடும்பங்கள் இரு வேறு வழிகளில் நடந்தன. ஒன்று பரந்தது, ஒன்று நின்றது. அவ்வளவே.

பாசெட் குடும்பத்தின் இரண்டாம் தலைமுறையைப் பற்றிக் கூறுவதற்கு மிகுதியாக இல்லை. இரண்டாம் தலைமுறைகள் பெரும்பாலும் அப்படித்தான். தொடங்கியவரின் புகழும் மாற்றியவரின் புகழும் அவர்களுக்கு இல்லை. காத்துக் கொடுத்தனர் என்பதே அவர்கள் வரலாறு. மூன்றாம் தலைமுறையில் வந்தவர், நிறுவியவரின் பேரர், புதுச்சுவைகளில் பெருவிருப்பம் உடையவர். தக்காளியில் பனிக்கூழ் செய்து பார்த்தார். வேறு பல காய்கனிகளிலும் செய்து பார்த்தார். எல்லாம் விற்றனவா என்பது வேறு செய்தி. ஆனால் ஆய்வு செய்யும் ஆர்வம் அவரிடம் இருந்தது.

அவ்வார்வம் ஒருமுறை உலக அரசியலோடும் உறவு கொண்டது. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் சோவியத்து நாட்டுத் தலைவர் நிக்கிட்டா குருசேவ் அமெரிக்காவுக்கு வந்தார். இரு நாடுகளும் ஒன்றையொன்று ஐயுற்று, அணுகுண்டுகளை அடுக்கி வைத்திருந்த காலம் அது. உருசிய மக்கள் செங்கிழங்கு கொண்டு காய்ச்சிக் குடிக்கும் சாற்றுக்குப் ‘போர்ஷ்ட்’ என்று பெயர். நாம் பீட்ரூட் என்பதே அக்கிழங்கு. அந்தச் சாற்றையே உறைய வைத்து, ஐம்பது தொட்டிப் பனிக்கூழைக் குருசேவின் வருகைக்காகப் பாசெட் கடையில் செய்தனர் என்று அக்கடையின் வரலாறு கூறுகிறது. பகைநாட்டுத் தலைவருக்கு அவர் வீட்டுச் சாற்றையே இனிப்பாக்கிக் கொடுக்கும் எண்ணம், போரை வெறுத்த குவேக்கர் ஒருவரின் பேரருக்குத் தோன்றியது பொருத்தமே.

இதுவரை கண்டவை வளர்ச்சியின் நாட்கள். இனி வருவன சோதனையின் நாட்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மக்கள் நகரின் நடுவிடம் விட்டுப் புறநகர்களில் குடியேறினர். தந்தைக்கு ஒரு மோட்டார் வண்டி, தாய்க்கு ஒரு மோட்டார் வண்டி என்று ஆனபின் புகைவண்டியை நாடுவோர் யார்? வீட்டருகே பெரிய அங்காடிகள் எழுந்தபின் பழைய சந்தைக்கு வருவோர் யார்? ஒவ்வொரு வீட்டிலும் குளிர்ப்பெட்டி வந்தபின் சந்தையின் நிலவறைக் குளிரை நாடுவோர் யார்? 1971-ஆம் ஆண்டில் ரெடிங் இருப்புப்பாதைக் கழகம் கடனில் மூழ்கி நொடித்தது. சந்தையின் கூரை ஒழுகியது. மழைநாளில் வாளி வைத்து நீர் ஏந்தவேண்டியிருந்தது. தலைமுறைகளாகக் கடை வைத்திருந்தோர் ஒருவர்பின் ஒருவராகப் பூட்டிக்கொண்டு போயினர். பூட்டிய கடைகளுக்கு நடுவே விளக்கெரியும் கடையாக இருப்பது எளிதன்று. பக்கத்துக் கடைக்குக் காய் வாங்க வந்தவன்தானே இந்தக் கடையில் பனிக்கூழ் உண்டான்? பக்கத்துக் கடை இல்லை என்றால் அவனும் இல்லை.

அந்நாளில் குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. சந்தையை விட்டு வெளியேறி, மக்கள் குடியேறிய புறநகரில் புதுக்கடை திறப்பது ஒன்று; இருந்த இடத்தில் இருந்துகொண்டே வேறு வழி தேடுவது மற்றொன்று. அவ்வேளையில் பொறுப்பு நான்காம் தலைமுறைப் பெண்மணி ஒருவர் கைக்கு வந்திருந்தது. குடும்பம் இரண்டாம் வழியையே பற்றிக்கொண்டது. கடைக்கு வரும் மக்கள் குறைந்தால், மக்கள் செல்லும் உணவு விடுதிகளுக்குப் பனிக்கூழை அனுப்பலாம் அன்றோ? அவ்வாறு மொத்த விற்பனையில் கருத்தைச் செலுத்தினர். விடுதிகளில் கிடைத்த வருவாய் சந்தைக் கடையைத் தாங்கியது. சந்தைக் கடையின் பழம்பெயர் விடுதிகளில் விலைபெற்றது.

1984-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், அந்நிலையத்திலிருந்து கடைசிப் புகைவண்டி புறப்பட்டது. தொண்ணூற்றோர் ஆண்டுகள் தலைக்குமேல் கேட்ட ஓசை அன்றோடு ஓய்ந்தது. இருப்புப்பாதைக்காகவே கட்டப்பட்ட சந்தை, இருப்புப்பாதை இல்லாமல் எவ்வாறு வாழும்? நகரத்தார் அவ்விடத்தில் பெரிய மாநாட்டு மாளிகை அமைக்கத் திட்டமிட்டனர். சந்தை அழிந்துவிடுமோ என்ற அச்சம் வணிகர் நெஞ்சில் புகுந்தது. ஆயினும், அதற்குள் சந்தைக்குச் சிறிது உயிர் திரும்பியிருந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லங்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் உழவர்கள் அங்கே கடை வைக்க அழைக்கப்பட்டனர். வீட்டில் மின்விளக்கும் வேண்டாம், மோட்டார் வண்டியும் வேண்டாம் என்று வாழும் மக்கள் அவர்கள். அவர்களுடைய அப்பமும் வெண்ணெயும் கோழியும் நகரமக்களை மீண்டும் இழுத்தன. சந்தையைக் காக்கவேண்டும் என்று மக்களே குரல் எழுப்பினர். நிலையம் கட்டுமுன் உழவரும் கழகத்தாரும் கண்ட உடன்பாடு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின்னர் மீண்டும் நிகழ்ந்தது என்று கூறலாம். 1993-இல் திறக்கப்பட்ட மாநாட்டு மாளிகையின் ஒரு பகுதியாக மேல்தளத்துப் புகைவண்டிக் கொட்டகை மாறியது. கீழே சந்தை சந்தையாகவே நின்றது. 1994-ஆம் ஆண்டில், ஊதியம் கருதாத அமைப்பு ஒன்று அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது. வண்டியிலிருந்து இறங்கி வந்தவர்களுக்குப் பதிலாக மாநாட்டிலிருந்து இறங்கி வருவோர் இப்போது பனிக்கூழ் உண்கின்றனர்.

பாசெட் குடும்பத்தார் எல்லாவற்றையும் பழமை மாறாமல் காத்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. கழுதை போயிற்று, கழுதை போனதற்கு எவரும் வருந்தார். உப்பும் பனிக்கட்டியும் போயின. ஊரார் உள்ளம் வருந்தத்தக்க ஒன்றும் போயிற்று. இன்று அவர்கள் விற்கும் பனிக்கூழ் சந்தையின் அடித்தளத்தில் ஆக்கப்படுவதில்லை. அவர்களுடைய சொந்த ஆலையிலும் ஆக்கப்படுவதில்லை. அவர்கள் தரும் அளவின்படி, பென்சில்வேனியாவிலேயே உள்ள வேறொரு பால் நிலையத்தில் அது செய்யப்படுகிறது. ‘அப்படியானால் இது எவ்வாறு குடும்பத் தொழில் ஆகும்?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானதே. ஆலை நடத்தப் பெருமுதல் வேண்டும். பெருமுதலுக்குப் பிறரை நாடவேண்டும். பிறர் பணம் வந்தால் பிறர் சொல்லும் வரும். பதினாறரைப் பங்கைப் பன்னிரண்டாகக் குறைக்கலாமே, காற்றைச் சிறிது கூட்டலாமே என்னும் அறிவுரைகள் தாமே வந்து சேரும். பொறியை விட்டுக்கொடுத்து அளவைக் காத்துக்கொண்டது, அளவை விட்டுக்கொடுத்துப் பொறியை வைத்துக்கொள்வதினும் நன்று என அவர்கள் கருதினர் போலும். பெரிய ஆலை ஒன்று அவர்களுக்கு இருந்திருந்தால், அதனை வாங்க ஆட்களும் வந்திருப்பர். பிரையர் குடும்பத்தின் கதையே இங்கும் நடந்திருக்கக்கூடும்.

ஐந்தாம் தலைமுறையில் கடல் கடந்தும் விற்பனை நடந்தது. 2008-ஆம் ஆண்டை ஒட்டிச் சீன நாட்டுக்கு இப்பனிக்கூழ் கப்பலேறியது. ஒரு காலத்தில் அமெரிக்கக் குளத்துப் பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கீழ்த்திசைக் கடல்களைக் கடந்தது. பாதி வழியிலேயே பாதி உருகியது. இப்போது பனிக்கூழே உருகாமல் கடல் கடக்கிறது. டூடர் கண்டால் பொறாமை கொள்வார்.

இவ்வளவு தொலைவு சென்றும் அவர்களுக்கு ஊரெங்கும் கிளைக்கடைகள் இல்லை. அச்சந்தை தோன்றிய நாள்முதல் இன்றுவரை அங்கே கடை வைத்திருக்கும் குடும்பம் அஃது ஒன்றே. உடன் கடை திறந்தவர்கள் அனைவரும் சென்றுவிட்டனர். ஆறாம் தலைமுறை இளைஞரும் இப்போது தொழிலில் சேர்ந்துவிட்டனர். 1892-இல் அமைத்த அதே சலவைக்கல் மேடை அங்கே இருக்கிறது. அதன்மீது உருகிச் சிந்திய பனிக்கூழை நாளில் எத்தனையோ முறை துடைக்கின்றனர். துடைத்த இடத்தில் அடுத்த கிண்ணத்தை வைக்கின்றனர்.